சோளக்காட்டுக் கண்ணாடிக்குள் ஒரு படம்

ராமாயி கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டதை உள்ளேயிருந்து பார்த்தேன்.

மலைமேல் சோளக்காடு சந்தையில், பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பழைய உரக்கடை அது. சேலத்து ஓவியர்கள் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு எடுத்து, ரோட்டுப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தோம். உள்ளே யாரும் வர வேண்டியதில்லை. மாதம் ஒரு புதிய ஓவியரின் படம். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் நின்ற இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இந்த மாதம் கவிதாவின் படம்.

ஓவியக் கல்லூரியில் படித்தவள். இதே மலையில் திருப்புலி நாடு என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வெளியே கொடுத்த முதல் படம் இது.

ஆள் உயரத் தாளில் முழுக்கக் கரி. அடுப்படி மூலையில் ஒரு பெண் முதுகு காட்டிக் குந்தியிருக்கிறாள். ஒரு கை தலையை மறைத்திருக்கிறது. வாசலில் ஓர் ஆணின் கால்கள் மட்டும், மடித்துக் கட்டிய லுங்கியோடு.

“என் பேரு மட்டும் போட வேண்டாங்கக்கா” என்று கேட்டுக்கொண்டாள்.

நான் காரணம் கேட்கவில்லை. காரணம் படத்திலேயே இருப்பதாக நினைத்தேன்.

படத்தை வாங்கப் போன அன்று அது பழைய சேலையில் சுற்றிக் கட்டியிருந்தது. மாமியார் ராமாயிதான் எனக்குக் காப்பி கொடுத்தார். சேலைக்குள் என்ன என்று அவர் கேட்கவில்லை.

அந்த ராமாயி இப்போது மிளகு மூட்டையைக் கால் பக்கத்தில் வைத்துவிட்டு அசையாமல் நிற்கிறார்.

பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், “எந்த ஊட்டுக் கதையோ” என்று சிரித்துவிட்டுப் போனார். ராமாயி திரும்பிப் பார்க்கவில்லை.

கவிதாவுக்கு இன்று வீட்டில் என்ன நடக்குமோ என்றுதான் என் மனதில் ஓடியது. ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வெளியே போனேன்.

“இது மெட்ராஸ்ல ஒருத்தர் வரைஞ்சதுங்கம்மா.”

“எங்க ஊட்டு அடுப்படி எனக்குத் தெரியாதுங்களா?”

படத்தைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்குக் கிட்டே போய், படத்தின் ஓரமெல்லாம் தேடினார்.

“இதுல கவிதாவைக் காணமே, கண்ணு?”

குந்தியிருந்த பெண்ணைக் காட்டினேன்.

“அது நானுங்க.”

குரல் மாறவே இல்லை.

“எம் பையன் என்னையத்தான் அடிச்சான். அவ குறுக்க வந்து நின்னா. மிச்ச அடியெல்லாம் அவளுக்குத்தான். அவளை ஏன் உட்டுட்டா?”

நான் படத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் பார்த்த படம் அது இல்லை. வரைந்தவள் கவிதா என்று தெரிந்தால், குந்தியிருப்பது யார் என்று ஊர் கேட்கும். பேர் வேண்டாம் என்று அவள் சொன்னது தனக்காக இல்லை.

“யாரு வரைஞ்சதுன்னு இங்க எழுத மாட்டீங்களா?”

“கவிதா வேண்டான்னு சொல்லியிருக்காங்கம்மா.”

“போனு போட்டுக் குடுங்க.”

போட்டுக் கொடுத்தேன். ராமாயி அதை இரண்டு கையாலும் காதோடு பிடித்துக்கொண்டார்.

“நாந்தான் சாமி. சந்தையில படத்துகிட்ட நிக்கறேன். உம் பேரைப் போடச் சொல்லப் போறேன்.”

அந்தப் பக்கம் விசும்புவது எனக்கும் கேட்டது.

“அழுவாத” என்றார் ராமாயி. “எனக்கென்ன வெக்கம்? அடிச்சவனுக்கில்ல இருக்கோணும்.”

பிறகு போனை என்னிடம் நீட்டினார். “போடுங்கக்கா” என்றாள் கவிதா.

உள்ளே போய் ஒரு வெள்ளை அட்டையில் கவிதா என்று எழுதினேன். படத்துக்குக் கீழே ஒட்டினேன். ராமாயிக்குப் படிக்கத் தெரியுமோ என்னவோ, அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருப்புலி நாட்டிலிருந்து வரும் பஸ் வந்து நின்றது. சந்தைக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர்களில் எவன் அவர் மகன் என்று எனக்குத் தெரியாது.

ராமாயி தலையைத் திருப்பி யாரையோ பார்த்தார்.

மூட்டையை எடுக்கவில்லை. கண்ணாடியை விட்டு நகரவும் இல்லை.