அப்பளம் கனத்தில் ஒரு புத்தகம்

"மறுபடியும் இதேதானா?"

ஜலஜா போட்ட சத்தத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஜாதவ்பூரில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற நூலகம் அது. ஒரே அறை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் திறக்கும். எடுத்துப்போகிற புத்தகத்தை நோட்டில் எழுதிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜலஜாவின் பெண் தாரா மேஜையில் வைத்த புத்தகம் அப்பளம் கனம்தான் இருக்கும். பக்கம் முழுக்கப் படம், அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி.

"அடுத்த மாசம் எட்டு வயசு, ராஜம் மாமி. இன்னும் யானை குளிச்சுது, குரங்கு சிரிச்சுதுதான். அந்த வாஞ்சிநாதன் பிள்ளை இவளைவிடச் சின்னவன். எவ்வளவு தடி புஸ்தகம் எடுத்துண்டு போறான்!"

"எடுத்துண்டு போறான். படிக்கிறானான்னு யார் கண்டா?" என்றேன்.

அவள் காதில் விழவில்லை.

"ஸ்கூல்ல இங்கிலீஷ், தெருவுல பெங்காலி. பழம்னு சொல்ல வரலை, பொளோம்ங்கறா. அதனாலதான் தினம் ராத்திரி சத்தமா படிக்கவெச்சு, பக்கத்துலயே உட்கார்ந்து திருத்தறேன். புஸ்தகம் முடியாம ரெண்டு பேருக்கும் படுக்கை கிடையாது. சால்ட் லேக் ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்து, சமைச்சு, பாத்திரம் தேய்ச்சு, அதுக்கப்புறம் இது. அவரோ டூர் டூர்னு ஊர் ஊராப் போயிடறார். எல்லாம் யாருக்காக?"

தாரா இடித்த புளி மாதிரி நின்றாள்.

எனக்கும் வீட்டில் சமையல் பாக்கி. சண்டையைச் சீக்கிரம் முடிக்கலாமென்று அலமாரியிலிருந்து தடியான கதைப் புத்தகம் ஒன்றை உருவி, நடுவில் பிரித்து நீட்டினேன்.

"பாவம், படிக்க வரலையோ என்னவோ. எங்கே, இதை வாசி பார்ப்போம்."

தாரா வாசித்தாள். கடகடவென்று வாசித்தாள். இரண்டு இடத்தில் உச்சரிப்பு உருண்டதே தவிர, திக்கலும் இல்லை, திணறலும் இல்லை. பக்கம் முடிந்ததும் நான் சொல்லாமலே அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

ஜலஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பார்த்தேளா? வராம இல்லை. சோம்பேறித்தனம்! நான் ஒருத்தி நாயா அலையறேன், மகாராணிக்கு நோகாம நாலு வரி போதும். இங்க பாருடி, இந்தப் பெரிய புஸ்தகத்தை எடு. இல்லைன்னா இன்னியோட நூலகமே வேண்டாம். பேரை அடிச்சிடுங்கோ மாமி!"

தாரா பெரிய புத்தகத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு மூடி என் பக்கம் தள்ளினாள். சின்னதை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

எனக்கே எரிச்சல் வந்தது. கடகடவென்று படிக்க வருகிற கதையை வேண்டாம் என்று தள்ளுகிற பிடிவாதத்தை எதில் சேர்ப்பது? பெற்றவள் கத்துவதில் என்ன தப்பு?

"ஏண்டி, நூலகத்துக்கே வராமப் போனாலும் பரவாயில்லையா? அந்தக் கதை பிடிக்கலையா உனக்கு?"

"பிடிச்சிருக்கு மாஷி." தெருவில் எல்லா மாமிகளையும் பெங்காலியில் கூப்பிடுவதுபோல என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பின்னே?"

அவள் அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல், என்னிடம் மட்டும் சொன்னாள்:

"அது ரொம்பப் பெரிசு. முடியறவரைக்கும் அம்மா தூங்க முடியாதே."