ஆயில் போன வழி

சாவியைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறேன், என் பழைய டீசல் கார் நிற்காமல் மேலும் மேலும் அலறுகிறது. புகையில் ஒர்க்‌ஷாப்பே தெரியவில்லை. மெக்கானிக் ஹனீபா ஓடிவந்து, காற்று இழுக்கிற வாயைப் பலகையால் அழுத்தி மூடினான். திணறி நின்றது.

"டீசலை நிறுத்தினாலும் நிக்காது அண்ணாச்சி. தன் ஆயிலையே இழுத்து எரிக்குது."

எவன் சொன்னாலும் நம்புகிற ஆள் இல்லை நான். ஹனீபா அந்தக் காற்றுக் குழாயைக் கழற்றி என் உள்ளங்கையில் கவிழ்த்தான். கறுப்பாக வழிந்தது, சுட்டது.

"இது வருஷக்கணக்கா குடிச்சிருக்கு. ஆயில் குறையுறதை யாரும் பாக்கலியா?"

பார்த்தேன். வாராவாரம் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. ஓட்டினது என் மகன் மரியதாஸ். "வண்டிதாம்ப்பா குடிக்குது" என்றான். "வண்டி குடிக்குதா, வித்து நீ குடிக்கியாலே?" என்று தெருவே பார்க்கச் செருப்பால் அடித்தேன். அன்றைக்குப் போனவன்தான், நாலு வருஷமாகிறது. அன்றோடு மூடிப் போட்ட வண்டியை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். இருக்கிறானா என்றே தெரியாது. "அவன் திருடினதை நீரு கண்ணால பாத்தீரா?" என்று அவன் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

யாரிடமும் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை. அந்த ஆயில் கையோடு ஹனீபாவின் கையைப் பிடித்தேன்.

"என் வீட்டுக்காரி வந்து கேட்டா, இதை மட்டும் சொல்லிராதப்பா."