இடப்பக்கத்து மீன்

பல வருஷமாகக் காணாமல் போயிருந்த மீன் வளைகுடாவுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று தலைவர் மேடையில் அறிவித்ததும் அரங்கமே கை தட்டியது. தட்டியவர்களில் பாதிப் பேருக்கு அந்த மீனைத் தட்டில் வைத்து நீட்டினாலும் அடையாளம் தெரியாது.

அவள் தட்டவில்லை. மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, தன் நேரத்துக்காகக் காத்திருந்தாள்.

தலைவர் என்றால் கடல் ஆய்வகத்தின் தலைவர். கடலில் கால் நனைத்து யுகமாகிறது. கடல் சூடேறச் சூடேற, குளிர்ந்த நீர் தேடி அந்த மீன் எங்கோ போய்விட்டதையும், அதன் இடத்தில் வெப்பக் கடல் மீன்கள் குடியேறியதையும் திரையில் வண்ண வண்ணமாகக் காட்டினார். மிச்சமிருக்கும் மீன்களாவது பிழைக்கட்டும் என்று வளைகுடாவில் வலை போடத் தடை விதித்திருந்தார்கள்.

இப்போது கடல் தேறிவிட்டது, தடை இனி எதற்கு என்றார் தலைவர். அதை முடிவு செய்ய வேண்டிய அதிகாரி முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார். தடை போனால் பெரிய படகுகள் குஞ்சு குளுவான் வரை வழித்துக்கொண்டு போய்விடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் தட்டினார்கள்.

ஆதாரம் ஒரு பாட்டில் தண்ணீர். மீன் நீந்திப் போன தண்ணீரில் அதன் செதிலோ சளியோ கழிவோ கரைந்திருக்கும். வடிகட்டி மரபணுவைப் பார்த்தால் யார் வந்து போனார்கள் என்று தெரிந்துவிடும்.

அந்தப் பாட்டிலை மொண்டு வந்தவன் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஆய்வகத்தில் அவனுக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். தலைவரின் மகளைக் கட்டினான். கட்டிய சூட்டோடு தண்ணீர் எடுக்கும் குழுவுக்குத் தலைவனாகவும் ஆனான். மற்றபடி, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

மீன் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளையின் வயிற்றிலிருந்து.

அன்று படகு நங்கூரம் போடுவதற்குள்ளேயே அவன் முகம் வெளுத்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறவன், கடலை ஆராய வந்திருந்தான். இடப்பக்கக் கம்பியில் தொங்கியபடி, காலையில் தின்ற ரொட்டியையும் டப்பா மீனையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்தான். எங்கோ தூரத்துக் குளிர்க் கடலில் பிடித்து, வேகவைத்து, டப்பாவில் அடைத்த அதே இன மீன். அவன் தலைகுப்புற விழாமல் பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.

வாயைத் துடைத்துக்கொண்டு, அதே பக்கத்திலேயே பாட்டிலை இறக்கித் தண்ணீர் மொண்டான்.

படகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாட்டில் எடுப்பது முறை. வலப்பக்கத்தை அவள் எடுத்தாள். அவனுடைய பாட்டிலில் மீன் கூட்டமாக இருந்தது. அவளுடையதில் மருந்துக்குக்கூட இல்லை. படகின் இடப்பக்கம் மட்டும் நீந்தும் மீனை உலகம் இதுவரை கண்டதில்லை.

இடப்பக்க முடிவைக் கேட்டதுமே தலைவர் தலைகால் புரியாமல் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யப் போய்விட்டார். மறுபக்கம் என்ன ஆனது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அறைக்குள் சொன்னால் அறைக்குள்ளேயே அமுக்கிவிடுவார்கள். சபையில் போட்டு உடைக்க வேண்டும். மாமனாரும் மருமகனும் சேர்ந்து அசடு வழிவதைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். அதற்காகவே முன்கூட்டி வந்து, மேடை மறைக்காத இடமாகப் பிடித்திருந்தாள்.

கடைசியில் அதிகாரியே எடுத்துக் கொடுத்தார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, படகின் மறுபக்கத் தண்ணீரிலும் அந்த மீன் இருந்ததா என்று கேட்டு வைத்தார்.

தலைவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை அவளைப் பார்த்தான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ரொட்டி, கம்பி, பாட்டில் என்று ஒவ்வொன்றாக அவன் முகத்தில் ஏறுவதை அவள் பார்த்தாள். படகில் பார்த்த அதே வெளுத்த முகம். அவன் கை தானாகப் பெல்ட்டுக்குப் போனது.

"அக்கா..." என்றான்.

மைக் அதை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆய்வகத்தில் எல்லோருமே அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவள் எழுந்தாள். இத்தனை நாளாகத் தீட்டி வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"இருந்துச்சு சார். ரெண்டு பக்கமும்."

மறுபடி கைதட்டல். அப்படியானால் திங்கட்கிழமையே தடையை எடுத்துவிடலாம் என்றார் அதிகாரி. இந்தத் தடவை அவளும் தட்டினாள். தட்டாமல் நின்றால் யாராவது பார்ப்பார்கள்.

டீ குடிக்கும் இடத்தில் அவன் வந்து பக்கத்தில் நின்றான். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான், பிறகு இன்னொன்று. தப்பித்ததும் பசி எடுக்கிற ஜென்மம்.

"இனிமே படகு ஏறுற அன்னைக்கு என் வீட்டுப் பக்கம் வராதே," என்றாள்.

அவன் தலையாட்டினான். வருவான் என்று அவளுக்குத் தெரியும். கடலுக்குப் போகிற நாளில் மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் அவன் கை வைப்பதில்லை. விடிந்ததும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். வெறும் வயிறு இன்னும் குமட்டும் என்று டப்பாவைத் திறந்து, ரொட்டியில் மீனை அடுக்கி, இன்னொன்று தின்னுடா என்று அன்றைக்கும் கையில் திணித்தவள் அவள்தான்.

அம்மா இருந்தவரை அதை அம்மா செய்தாள். பஸ்ஸில் அவன் வாய்க்கு நேராகப் பை பிடிப்பது மட்டும் அப்போதே அவள் வேலை.