ஜும்மா நேரத்து ரிப்பேர்

"பாரும்மா, ஒரு மணி நேரமா ஓடிட்டிருக்கு. எங்க நிக்குது?"

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் சூரியபிரகாஷ் திரையைக் காட்டிக் கேட்டபோது முபஷ்ஷிராவுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் பாழாய்ப்போன பெட்டி அவளிடம் மட்டும் தினம் நாலு தடவை பொசுக்கென்று அணைந்துவிடும். ரிப்பேர்காரர் வந்து உட்கார்ந்தால் நல்ல பிள்ளையாக ஓடும். இன்றோடு மூன்றாவது தடவை இந்தக் கூத்து.

மேல்விஷாரத்துத் தோல் தொழிற்சாலை ஒன்றில், கப்பலேறப் போகும் சரக்குக்குப் பேக்கிங் லிஸ்ட் அடிப்பது அவள் வேலை. போன வாரம் பாதி லிஸ்டில் கம்ப்யூட்டர் அணைந்து, அடித்ததெல்லாம் போய், கன்டெய்னர் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியது. முதலாளி மக்பூல் அகமது சத்தம் போடவில்லை.

"மெஷின் நல்லாருக்குன்னு சூர்யா ரெண்டு தடவ பாத்துச் சொல்லிட்டான். நீதான் எதையோ தப்பா அழுத்தறம்மா. திங்கக்கிழமைலருந்து வேற பொண்ணு வருது," என்றார்.

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அப்பா இருமிக்கொண்டே படுத்திருக்கும் வீட்டில் இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கடைசியாக ஒரே ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சியதால்தான் இன்று ரிப்பேர்காரர் வந்திருக்கிறார்.

"நான் பொய் சொல்லலண்ணா. காலைலகூட மூணு தடவ நின்னுச்சு. ஒன்பதே காலு, பத்து நாப்பது, பன்னெண்டு."

"அப்ப இப்ப மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

"நீங்க வர்றதே ஜும்மா நேரத்துலதானே," என்று அவள் முனகினாள். "வேல கெடக்கூடாதுன்னு சார் எப்பவும் அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்றாரு. எல்லாரும் தொழுகைக்குப் போய்டறாங்க. தோல் உருட்டற டிரம்மு ஒண்ணுகூட ஓடாது. அப்பல்லாம் எனக்கும் நிக்காமத்தான் ஓடுது."

சூரியபிரகாஷ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். எழுந்து வெளியே போய் வேப்ப மரத்தடியில் இப்படியும் அப்படியும் நடந்தார். போனை எடுத்தார், யாரிடமோ பேசப் போனார், பேசாமலே பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், மனுஷர் நழுவப் பார்க்கிறார் என்று நினைத்தாள் முபஷ்ஷிரா. முதலாளியே முடிவு பண்ணிவிட்ட பிறகு இவர் எதற்கு மெனக்கெட வேண்டும்?

ஆனால் அவர் திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டிரம்மு எப்ப போடுவாங்க?"

"ரெண்டு மணிக்குண்ணா."

இரண்டு மணிக்கு டிரம் ஓட்டும் தனகோடி, தோல் உருளும் பெரிய டிரம்மின் சுவிட்சைப் போட்டார். கட்டடமே ஒரு தடவை உறுமியது. டியூப்லைட் மங்கி எரிந்தது. பக்கத்து மேசைக் கம்ப்யூட்டர்கள் இரண்டும் அசையவில்லை. அவளுடையது மட்டும் பட்டென்று இருண்டது.

"பாத்தீங்களாண்ணா?" அவள் இருண்ட திரையைக் காட்டினாள்.

"பாத்துட்டேம்மா."

அவர் பெட்டியைப் பிரித்து, உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றினார். அதன் கெபாசிட்டர் பூரி மாதிரி உப்பியிருந்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். டிரம்மை மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் போடச் சொன்னார். மூன்று தடவையும் லைட் மங்கியது. கம்ப்யூட்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. முபஷ்ஷிரா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தொழுகையும் சாப்பாடும் முடித்து மக்பூல் அகமது உள்ளே வந்தார். சூரியபிரகாஷ் எழுந்து நின்றார்.

"பாய், டிரம்மு கெளம்பறப்ப கரண்டு ஒரு நொடி கம்மியாவுது. நல்ல எஸ்.எம்.பி.எஸ். அதத் தாங்கிக்கும். இது கெட்டுப் போனது, தாங்கல. டிரம்மு நிக்கிற நேரத்துல வந்து பாத்துட்டு மெஷின் நல்லாருக்குன்னு சொன்னது என் தப்பு. இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார். அவளைப் பார்க்காமல் அவரையே பார்த்தார்.

"யோசிச்சுதான் சொல்றியா சூர்யா?"

"நல்லா யோசிச்சிட்டேன் பாய்."

கெட்டுப் போன ஒரு டப்பாவுக்கு இதில் என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது என்று முபஷ்ஷிராவுக்குப் புரியவில்லை.

"சரிம்மா, நீயே இரு. ஒன்ன சும்மா பேஜார் பண்ணிட்டேன்," என்ற முதலாளி மறுபடி அவர் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை வரச் சொன்ன பொண்ணுக்கு இன்னாப்பா பதில் சொல்றது?"

"வீட்டுக்குப் போய் நானே சொல்லிக்கிறேன் பாய்," என்றார் சூரியபிரகாஷ், ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டபடி. "இங்க வேலைக்கு வர்றதுக்கு ஆசையா பஸ் டைம்லாம் விசாரிச்சு வெச்சிருக்கா என் பொண்டாட்டி. ரெண்டு நாள் எங்கூடப் பேச மாட்டா, அவ்ளோதான்."