வாடாத மாலை

சாக்கின் வாயை விரித்துப் பிடித்தபடி நின்றாள் அவள்.

கல்லறைத் திருநாள். கடற்கரையை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் வருகிறவர்களிடமிருந்து பிளாஸ்டிக் பூக்களை வாங்கிச் சாக்கில் போடுகிற பொறுப்பு, இந்த ஆண்டு அவளுடைய தெருவின் அன்பியக் குழுவுக்கு வந்திருந்தது.

செத்தவர்களுக்கு வைக்கிற பூ கடலைச் சாகடிக்கக் கூடாது என்று பூசையில் சாமியார் சொல்லியிருந்தார்.

ஊரார் மறுக்காமல் போட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பறித்து வந்த அரளியைக் காட்டி, "என் பொண்டாட்டிக்கு அரளி வாசமே ஆவாது. ராத்திரி வந்து என் கழுத்தத்தான் பிடிப்பா" என்றார். வாசலே சிரித்தது.

பிறகு திரேசம்மா வந்தாள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வருடத்தில் இந்த ஒரு நாள்தான் ஊருக்கு வருவாள்.

கையில் சிவப்பு ரோஜா மாலை. இதழ்தோறும் பசையால் ஒட்டிய பனித்துளி.

மாலையைக் கொடுக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நெசப் பூவு சாயங்காலமே வாடிருமேக்கா. நான் அடுத்த வருசம்லா வருவேன். அதுவரைக்கும் பிள்ளகிட்ட ஏதாச்சும் கெடக்க வேண்டாமா?"

சாக்கைப் பிடித்திருந்தவளுக்குத் தெரியும். மார்கழிக் காற்றுக்கு எந்த மாலையும் நிற்பதில்லை. சிலுவையைவிட்டுக் கழன்று, மணலில் உருண்டு, கடலுக்குப் போய்விடும்.

போன தை மாதம் அவள் புருஷன் இழுத்த வலையில், சாளை மீன்களுக்கு நடுவே, இதே மாதிரி ஒரு சிவப்பு ரோஜா வந்தது.

சொல்ல வாயெடுத்தாள்.

அதை விட்டுவிட்டு, தன் கொண்டையிலிருந்த பிச்சிச் சரத்தை உருவி நீட்டினாள்.

"இன்னைக்கு இத வையி. இனி ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் நான் வச்சிருதேன். எந்தக் கல்லறை?"

திரேசம்மா கடைசி வரிசையைக் காட்டினாள்.

ஒரு முழம்கூட இல்லாத மேடு. சிலுவையில் எழுத்து இல்லை.

"பிள்ளைக்குப் பேரு என்னம்மா?"

திரேசம்மா அவளையே பார்த்தாள்.

பிறந்த அன்றே போன பிள்ளை. அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை.

மாலை மெல்லச் சாக்குக்குள் இறங்கியது.

பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, திரேசம்மா பெயரைச் சொன்னாள்.

மறந்துவிடக் கூடாதே என்று அவள் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்கக்கா" என்றாள் திரேசம்மா.