அழகுமீனா காட்டிய நிலம்

"இதான் சார் என் நெலம். ஒரு மழைக்கு எம்புட்டு மண்ணு ஓடிப்போயிருக்கு பாருங்க" என்று, ஆள் இறங்கினால் தலை தெரியாத பள்ளத்தைக் காட்டினாள் அழகுமீனா.

வரப்புத் திட்டத்துக்கு நிலம் தேர்வு செய்ய வந்த புது அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மண் அரித்துப்போன நிலத்துக்குத்தான் அரசு பணம் தரும். "இப்படி ஒரு நிலத்தைத்தாம்மா தேடிக்கிட்டிருந்தேன்" என்று குறித்துக்கொண்டார்.

அவள் நிலம் அதுவல்ல, அடுத்தது. ஊர் ஜனமெல்லாம் பட்டாசு கம்பெனி வேனில் ஏறிப் போய்விட, கூலிக்கு ஆள் கிடைக்காமல் கோடை முழுக்கத் தானே மண் சுமந்து வரப்பு போட்டிருந்தாள். போன வருடம் வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கிற நிலத்துக்கெல்லாம் கிடையாதும்மா" என்று கையை விரித்துவிட்டார்.

அன்று அந்த அதிகாரியைக் காரில் கூட்டி வந்தவன் கண்ணுச்சாமி. சிவகாசி அச்சாபீஸில் வேலை பார்க்கும் அவனுடையதுதான் இந்தப் பள்ளத்து நிலம். இங்கிருந்து பாயும் வெள்ளம் மழைக்கு மழை அவள் வரப்பை உடைத்தது. இந்த ஐப்பசிக்குள் கல்வைத்துக் கட்டாவிட்டால் போட்ட பருத்தி மிஞ்சாது. கட்டத்தான் கையில் காசில்லை.

அதிகாரி வரைபடத்தை விரித்து சர்வே எண்ணைத் தேடினார். "இது கண்ணுச்சாமிங்கிறவர் பேர்ல இல்ல இருக்கு?"

குட்டு உடைந்ததும் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"ஆமா சார், பொய்தான் சொன்னேன்! பாடுபட்டவளுக்குக் கெடையாது, நெலத்தைப் போட்டுட்டுப் போனவனுக்குத்தான்னா நான் என்ன செய்ய? எனக்குத் தராட்டியும் போகுது. அவன் நெலத்துக்காச்சும் வரப்பு போட்டுக் குடுங்க. என் வெள்ளாமை பொழைச்சுக்கிடும்."

அவர் கோப்பைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கை நின்றது. அங்கே ஒட்டியிருந்த போட்டோவில் மண்வெட்டியும் புதுச்சட்டையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான் கண்ணுச்சாமி. அவன் ஏறி நின்றது அழகுமீனாவின் வரப்பு.

அதிகாரி தலை நிமிராமல் சொன்னார்.

"இந்த நிலத்துக்கு வரப்பு போட்டு முடிச்சாச்சும்மா. போன வருசமே."