போன் பெட்டி

சமயநல்லூர் தையல் கம்பெனியில் அன்று காலை எல்லார் முகத்திலும் சிரிப்பு. வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிற வழக்கத்துக்கு ஒருவழியாக முழுக்குப் போட்டாயிற்று. இனி அவரவர் போன் அவரவர் கையில்.

பவதாரிணி மட்டும் தயங்கித் தயங்கி சூப்பர்வைசரிடம் போனாள்.

"அண்ணே, என் போனை மட்டும் பழையபடி பூட்டி வச்சிருங்கண்ணே."

"அதெப்படிம்மா? உங்க போனைத் தொட்டா சங்கம் என்னைச் சும்மா விடுமா?"

சங்கத்தில் முன்னால் நின்று சண்டை போட்ட முத்துச்செல்விக்குச் சுருக்கென்றது.

"ஏன்டி, உனக்காகத்தானே இம்புட்டு மல்லுக்கட்டுனோம்? அவசரத்துக்குக்கூடப் பொண்டாட்டிகிட்டப் பேச முடியலைன்னு உன் வீட்டுக்காரரு கேட்ல நின்னு அழுதாரே, அதைப் பாத்துட்டுத்தானே நாங்க கெளம்புனோம்?"

பவதாரிணி மிஷினில் போய் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்கப் போனாள். நூல் நுழைவதற்குள் மடியில் கிடந்த போன் அடித்தது.

வீடியோ கால். கணவன்தான்.

எடுத்தாள்.

"பின்னாடி போறவன் யாரு?"

"சூப்பர்வைசருங்க."

"போனை மிஷின் மேல சாச்சு வை. சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் கட் பண்ணக் கூடாது. அதான் கம்பெனியே விட்டுருச்சுல்ல."